முதலாளி இன்னும் கத்தவில்லை

என் பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பியும் கைகால் சுகத்தோடும் வயிற்றுக்குக் குறைவில்லாமலும் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி முகம் வாடாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். கைகால் சுகம் என்றேனே, அதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது. தியேட்டர் பால்கனியில் ஸ்பிரிங் வைத்த சீட்டு இருக்கிறதல்லவா, உட்காரும் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் பெருக்கும்போது அது பட்டென்று விழுந்து வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றும் இல்லை, கட்டுப் போட்டிருக்கிறேன், பயப்படாதே. பேனா பிடிக்க வராததால் நான் சொல்லச் சொல்ல வாலு எழுதுகிறான். (அக்கா, வாலு ஆஜர். அடைப்புக்குள் இருப்பதெல்லாம் நான், வெளியே இருப்பதெல்லாம் அம்மா. அம்மா கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டதால் நான் என்ன எழுதினாலும் தெரியாது. எழுத்துரிமை என்றால் இதுதான்.) தியேட்டரில் மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் பினாயில் கேனும் உடைந்த சீட்டுகளும் போட்டு வைக்கிற ரூமில் உட்கார்ந்திருக்கிறோம். சுவருக்கு அந்தப் பக்கம் மதியக் காட்சி ஓடுகிறது. உள்ளே பாட்டு வந்தால் நான் சத்தமாகச் சொல்கிறேன், வசனம் வந்தால் காதோடு காதாகச் சொல்கிறேன். (அதனால் எழுத்து சில இடத்தில் பூசணிக்காய் மாதிரியும் சில இடத்தில் கடுகு மாதிரியும் இருக்கும். குற்றம் என்னுடையதல்ல, இசையமைப்பாளருடையது.)

முதலில் வீட்டுச் செய்தி. நீ அனுப்பிய ஸ்வெட்டர் தோளில் தொங்கியது, பக்கத்து வீட்டு டெய்லரம்மா பிடித்துக் கொடுத்தார்கள், இப்போது கச்சிதமாக இருக்கிறது, உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். கூரை ஒழுகின இடத்தில் உன் தம்பி பழைய பட பேனரை உள்பக்கமாக இழுத்துக் கட்டியிருக்கிறான், படுத்தால் ஒரு கதாநாயகன் பாதி முகத்தோடு என்னையே பார்க்கிறான். (மழை வந்தால் அவருக்கு மூக்கு ஒழுகும்.) பள்ளிக்கூடப் பரீட்சையில் தேறிவிட்டான், கணக்கில் மட்டும் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. சேட்டைக்குக் குறைவில்லை. போன மாசம் ஹவுஸ்ஃபுல் போர்டைக் கழற்றிக் கொண்டுபோய் ஆண்கள் கழிப்பறை வாசலில் மாட்டிவிட்டான், இடைவேளையில் வெளியே வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்கள். (உள்ளே ஒருவரும் இல்லை. மக்கள் எழுதி வைத்ததை எவ்வளவு நம்புகிறார்கள் பார்.) முன்பெல்லாம் இப்படி ஏதாவது செய்தால் முதலாளி இவன் காதைப் பிடித்துத் திருகி வாசல் வரை இழுத்துக்கொண்டு போவார். இந்தத் தடவை சிரித்தார். தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார். அதைப் பற்றிச் சொல்லத்தான் உனக்கு எழுதுகிறேன்.

இதைப் போனில் சொல்ல முடியாதா என்று நினைப்பாய். என் பழைய போனை முதலாளி, கொடுங்க ரிப்பேர் பண்ணித் தர்றேன் என்று வாங்கிக்கொண்டு போனார், திரும்பி வரவில்லை. வீட்டில் இப்போது இருக்கும் ஒரே போன் வாலுவுக்கு அவரே வாங்கிக் கொடுத்த புதுப் போன். அதில் நான் எதுவும் பேசுவதில்லை. டெய்லரம்மா போனில் பேசினால் தெருவே கேட்கும். இப்போதுகூட அதை வாசலில் இவன் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற ஸ்டூல் மேல் வைத்துவிட்டு வா என்று சொல்லித்தான் இங்கே கூப்பிட்டேன். இவனையே ஏன் எழுத வைக்கிறேன் என்றால், நேரில் சொன்னால் சிரிக்கிறான். எதைச் சொன்னாலும் அதை உடைத்து இரண்டாக்கி ஒரு ஜோக் செய்துவிடுகிறான். எழுதச் சொன்னால் ஒவ்வொரு வார்த்தையாகக் கை வழியாகத்தானே ஏற வேண்டும்.

பதறாமல் படி. உன் தம்பி ஒரு பெண்ணோடு பழகுகிறான். (குற்றவாளியையே குற்றப்பத்திரிகை எழுத வைக்கும் கொடுமை வேறு எந்த வீட்டிலாவது உண்டா.) அது முதலாளியின் மகள். ஒரே மகள், இவன் வயசுதான். பால்கனி ஓரத்தில் முதலாளி வீட்டுக்காரர்களுக்கென்று தடுத்த ஒரு பாக்ஸ் இருக்கிறதே, புதுப் படம் வருகிற அன்றெல்லாம் அங்கே வந்து உட்காருவாள். நாம் பேசுகிற பாஷை வேறு, அவர்கள் வீட்டுக்குள் பேசுகிற பாஷை வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு, நம் வீடு மொத்தமும் அவர்கள் வீட்டில் செருப்பு கழற்றுகிற இடத்தில் அடங்கிவிடும். இவன் டிக்கெட் கிழிக்கிறவன். (என்னத்தக் கிழிச்சே என்று கேட்டால் இந்த ஊரிலேயே நிமிர்ந்து நின்று பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள்.) அவள் மேலேயிருந்து பாப்கார்னை இவன் தலையில் போட்டிருக்கிறாள், இவன் யாரென்று பார்க்க டார்ச்சை மேலே அடித்திருக்கிறான், அப்படி ஆரம்பித்தது. அதற்கப்புறம் இருட்டில் கீழே இவன் டார்ச் மினுக்கும், மேலே அவள் போன் மினுக்கும். இவனுக்கு அவள் வைத்த பேரே டார்ச்சுதான். (அவளுக்கு நான் வைத்த பேர் பால்கனி. பிரித்தால் பால், கனி. நான் பிரிக்க மாட்டேன். பிரிப்பது யாரென்று அம்மா கீழே சொல்வார்கள்.)

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நீ ஏம்மா சும்மா இருந்தே என்று கேட்பாய். சொல்கிறேன். கொஞ்ச காலமாக இங்கே ஓடுவதெல்லாம் பிள்ளைகள் படம். யூனிஃபார்மோடு காதல். ஒருத்தி பங்களா, ஒருத்தன் மெக்கானிக் ஷெட். ஒருத்தன் ஒரு பாஷை, ஒருத்தி இன்னொரு பாஷை. அவள் வீட்டில் நாய்க்குத் தனி ரூம், இவன் வீட்டில் மனுஷனுக்கே பாதி ரூம். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து விசில் அடித்துப் பார்க்கிறார்கள். எனக்குப் படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வேலை, துடைப்பத்தோடு உள்ளே போய் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொள்வேன், லைட் போட்டதும் பெருக்க வேண்டும். அதனால் எந்தப் படத்திலும் கடைசிப் பத்து நிமிஷம்தான் நான் பார்த்தது. எல்லாப் படத்திலும் அந்தப் பத்து நிமிஷத்தில் பெண்ணின் அப்பா உருகிவிடுகிறார். ரயில் கிளம்பும்போது ஓடி வருகிறார், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணைத் துடைக்கிறார், கொட்டுகிற மழையில் மகள் கையைப் பிடித்துப் பையன் கையில் கொடுக்கிறார். நான் துடைப்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுவேன், லைட் வந்ததும் மூக்கைச் சிந்திவிட்டுப் பாப்கார்னைக் கூட்டுவேன். பார்த்துப் பார்த்து எனக்குள் அப்படியே படிந்துவிட்டது பெரியவளே, அப்பன்மார் கடைசியில் இறங்கி வந்துவிடுவார்கள் என்று. முதலாளி முதலில் குதிப்பார், என்னை வேலையை விட்டு நிறுத்துவார், இவனை இரண்டு அடி அடிப்பார், அப்புறம் மகள் முகத்தைப் பார்த்து அடங்குவார் என்று நினைத்தேன். (எனக்கு நேர் எதிர். நான் முதல் பத்து நிமிஷம் மட்டும். தாமதமாக வருகிறவர்களை டார்ச் அடித்து உட்கார வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். எனக்குத் தெரிந்த படமெல்லாம் மோதலில் ஆரம்பித்துக் காதலுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஆக, நடுவில் என்ன நடக்கும் என்று நம் வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது.) நான் ஒரு வரி சொன்னால் இவன் நாலு வரி எழுதுகிறான், என்னத்தை எழுதுகிறான் என்று தெரியவில்லை.

ஒருநாள் மாலைக் காட்சியில் முதலாளி கடைசி வரிசைக்குப் பின்னால் வந்து நின்றார். கீழே டார்ச் மினுக்கியது, மேலே போன் மினுக்கியது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் முகம் திரை வெளிச்சத்தில் நீலமாகவும் சிவப்பாகவும் மாறியது, அவ்வளவுதான், முகம் அசையவில்லை. திரும்பிப் போய்விட்டார். மறுநாள் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். இத்தனை வருஷத்தில் நான் அந்த ரூமில் பெருக்கியிருக்கிறேனே தவிர உட்கார்ந்ததில்லை. உட்காருங்க என்றார். அந்த 'ங்க'தான் எனக்கு முதலில் உறுத்தியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஏம்மா, இங்க வா, அதை எடு என்று கூப்பிட்ட மனுஷன். பட விநியோகஸ்தர்களுக்குக் கொடுக்கிற கப்பில் டீ வரவழைத்தார். மக எங்க இருக்கா, என்ன வேலை, லீவுக்கு வருவாளா என்று உன்னைப் பற்றிக் கேட்டார். ஆஸ்பத்திரி லேபில் வேலை என்று சொன்னேன், அட்ரஸ் கேட்டதும் எனக்கே தெரியாமல் வாயில் உன் பழைய ஹாஸ்டல் அட்ரஸ் வந்தது. எழுதிக்கொள்ளவில்லை, ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், வேற யார் இருக்காங்க உங்களுக்கு என்றார். யாரும் இல்லைங்கய்யா, இவங்க அப்பா போனதும் நாங்க மூணு பேர்தான் என்றேன். தலையை ஆட்டினார், கேட்க நினைத்த பதில் கிடைத்த மாதிரி.

டீ ஆறிப்போனதும் அவர் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் அது என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எத்தனை காதல் படம் போட்டிருக்கேன் தெரியுமாம்மா, ஒண்ணுவிடாம எல்லாத்தையும் முழுசா பார்த்திருக்கேன், எல்லாப் படத்துலயும் அந்தப் பொண்ணோட அப்பன் ஒரே தப்பைத்தான் பண்றான், கத்துறான், கத்தினா பசங்க ஓடுவாங்க, ஓடினா ஊரு பார்க்கும், ஊரு பார்த்தா அவன் எறங்கி வந்துதான் ஆகணும், கத்தாம இருந்தா படமே இல்ல பாருங்க, என்று சொல்லிச் சிரித்தார். உங்க பையன் துறுதுறுன்னு இருக்கான், அவனுக்கு நான் ஒரு வழி பண்றேன் என்றார். நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன். (முதலாளி என்று எழுதும்போதெல்லாம் பேனா முதலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிறது. ஆனாலும் நல்ல மனுஷன் அக்கா. அம்மாவுக்குக் கடைசிப் பத்து நிமிஷம் பார்த்துப் பார்த்து அழுது பழகிவிட்டது, சிரிக்கிறவரைக் கண்டால் பயம்.)

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. இவனுக்குப் போன். இவனுக்கு ஷூ, அளவு கேட்காமலே சரியான அளவில். இனிமே டிக்கெட் கிழிக்க வேண்டாம், ஆபரேட்டர் ரூம்ல வேலை கத்துக்கோ என்றார், அங்கே போக இவன்தான் முடியாது என்றான், வாசலை விட்டால் அவளைப் பார்க்க முடியாதாம். அந்த வாரமே அவள் வருவது நின்றுவிட்டது. அத்தை வீட்டுக்குப் போயிருக்கா என்றார்கள். பாக்ஸுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது, நான் இப்போது அங்கே பெருக்குவதில்லை. பிறகு முதலாளி இவனைக் கூப்பிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு புதுத் தியேட்டர் கட்டுறேன், அங்க போய்ப் பார்த்துக்கோ, கார் அனுப்புறேன், டிரைவர் கூட்டிட்டுப் போவான் என்று சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் அந்தக் கார் வருகிறது. இவன் வீட்டுக்கு வந்து விசிலடித்துக்கொண்டே பெட்டி கட்டினான். (சந்தோஷத்துக்குக் காரணம் இருக்கிறது. அம்மாவுக்குத் தெரியாது, உனக்கு மட்டும் சொல்கிறேன். பால்கனி அத்தை வீட்டில் இல்லை. அந்தப் புதுத் தியேட்டர் ஊரில்தான் இருக்கிறாள். தினமும் எனக்கு மெசேஜ் வருகிறது. அப்பா மனசு மாறிட்டார், நீ கார்ல ஏறி வந்துடு, இங்க வந்தப்புறம் எல்லாருக்கும் சொல்லலாம் என்று. கடைசிப் பத்து நிமிஷம் எங்களுக்கு முன்கூட்டியே வந்துவிட்டது அக்கா.)

எனக்கு அந்தப் புதுத் தியேட்டர் என்ற பேச்சைக் கேட்டதும் பழைய ஆள் ஒருத்தர் ஞாபகம்தான் வந்தது. நீ இங்கே இருந்தபோது போஸ்டர் ஒட்டிக்கொண்டு ஒருத்தர் இருந்தாரே, சைக்கிளில் பசை வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு பாடிக்கொண்டே போவாரே, அவர். முதலாளியின் தங்கச்சியோடு எங்கேயோ நின்று பேசினார் என்று ஒரு பேச்சு வந்தது. அவரையும் முதலாளி திட்டவில்லை. அவரையும் 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தார், கூப்பிட்டு டீ கொடுத்தார், புதுத் தியேட்டருக்குப் போங்க என்று காரில் அனுப்பி வைத்தார். வருஷம் மூன்றாகிறது, அந்தத் தியேட்டர் இன்னும் திறக்கவில்லை. திறந்தால் பேப்பரில் வராதா. அவருடைய அக்கா மட்டும் அவ்வப்போது வந்து கவுண்டரில் நின்று, தம்பி கிட்டேருந்து ஏதாவது சேதி வந்துச்சா என்று கேட்பாள். கவுண்டர்க்காரர் அவளுக்கு ஒரு டிக்கெட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுவார், அவளும் உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிட்டுப் போவாள். அவள் உட்கார்ந்த சீட்டுக்கு அடியில் ஒரு பாப்கார்ன்கூடக் கிடக்காது. (இதை அம்மா எனக்குச் சொன்னதே இல்லை. அவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.) போன வாரம் நீ டெய்லரம்மா போனில் பேசும்போது, பழைய ஹாஸ்டலுக்கு யாரோ ரெண்டு பேர் வந்து என்னைக் கேட்டாங்களாம், வார்டன் சொன்னாங்க, யாருன்னு தெரியல என்று சாதாரணமாகச் சொன்னாய். அந்த அட்ரஸை நான் ஒரே ஒருத்தரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது வாலு கேட்டுக்கொண்டே எழுதட்டும், இதை நான் அவனிடம் நேரில் சொல்லவில்லை. நேற்று முதலாளி ரூமைப் பெருக்கும்போது மேஜை டிராயர் கொஞ்சம் திறந்திருந்தது. உள்ளே ஏதோ வண்டு மாதிரி உர்ரென்று சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு போன். பின்பக்கம் மீசை ஸ்டிக்கர் ஒட்டியது, இவன் நம் வீட்டுக் கண்ணாடியில், என் மூக்குக் கண்ணாடிக் கூட்டில், எல்லாவற்றிலும் ஒட்டி வைத்திருக்கிறானே அதே மீசை. அது தானாகத் திரும்பிப் புரண்டது, வெளிச்சம் வந்தது, அதில் இவன் முகம். நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு போட்டோ. முதலாளி டிராயருக்குள்ளே இருந்து என் பிள்ளை எனக்கு நாக்கை நீட்டினான்.

(அக்கா, அந்தப் போட்டோ பால்கனி எடுத்தது. நான் கூப்பிட்டாலோ எதையாவது அனுப்பினாலோ அவள் போனில் அதுதான் வரும். மீசை நான் ஒட்டியது. நேற்று அம்மா ரூம் பெருக்கும் நேரத்தில் நான் அவளுக்கு மெசேஜ் போட்டேன், நாளன்னிக்கு வந்துடுவேன் என்று. உடனே பதில் வந்தது, சந்தோஷம், யாரிடமும் சொல்லாதே என்று. அதற்கு முந்தின நாள், உங்க அக்காவுக்கு நம்ம விஷயம் தெரியுமா என்று கேட்டு வந்தது. தெரியாது என்று போட்டேன். இந்த வாரம் வந்த ஒரு மெசேஜிலும் டார்ச்சு என்று இல்லை. அவள் டார்ச்சு என்று போடாமல் எனக்கு எதையும் அனுப்பினதே கிடையாது. எனக்கு அது ஏன் உறைக்கவில்லை என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் நான் ஜோக் அனுப்பியது, முத்தம் அனுப்பியது எல்லாம் அந்த மனுஷனுக்கு. அம்மாவிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.)

சொன்னான். சொல்லிவிட்டு அம்மா நான் அவளைப் பார்க்கணும் என்று எழுந்தான், கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். அவள் வீட்டிலேயேதான் இருக்கிறாள். அந்த வீட்டில் சமைக்கிற அம்மா எனக்குத் தெரிந்தவர், மாடி ரூமுக்குச் சாப்பாடு போகுது, தட்டு காலியா வருது, கதவு வெளிப்பக்கமா பூட்டியிருக்கு என்று சொன்னார். அவளுக்குப் பூட்டு, அவ்வளவுதான், ஏனென்றால் அவள் அவருக்கு மகள். நீ அவருக்கு யார் என்று இவனைக் கேட்டேன். படத்தில் என்றால் இந்த இடத்தில் பையன் மதில் ஏறிக் குதிப்பான். நீ ஏறினால் அதற்காகவே ரெண்டு பேர் கீழே நிற்பார்கள், திருட வந்தவன் என்று சொல்லிவிட்டால் முடிந்தது கதை, ஊரும் நம்பும் என்று இவனிடம் சொன்னேன். அந்தப் பெண்ணை நான் விட்டுவிட மாட்டேன், சமையல்கார அம்மா வழியாக அவளுக்குச் சேதி போகும், இவன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்கிற சேதி போனாலே போதும், அது அவளைத் தாங்கும். போலீஸுக்குப் போகலாமே என்று நீ கேட்பாய். இந்த ஊர் ஸ்டேஷன்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை தோறும் குடும்பத்தோடு பால்கனி இலவசம், பாப்கார்னோடு.

அதனால் நான் என்ன செய்திருக்கிறேன் என்றால், கேன்டீனுக்கு பன் கொண்டுவருகிற வண்டிக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன். மதியக் காட்சி விடுகிற நேரத்தில்தான் அவர் காலித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு பேக்கரிக்குத் திரும்புவார். படம் விட்டதும் இந்த வாசலில் பிதுங்கிக்கொண்டு கூட்டம் வரும், அதில் பாதி இவன் வயசுப் பிள்ளைகள், இவனும் அவர்களோடு தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய் வண்டியில் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட வேண்டும். பெரிய ஊர் போனதும் ரயில், அங்கிருந்து உன்னிடம். போன் ஸ்டூல் மேலேயே கிடக்கட்டும், இவன் தியேட்டரில்தான் இருக்கிறான் என்று அது சொல்லிக்கொண்டிருக்கும். முதலாளி வாங்கிக் கொடுத்த ஷூவும் வேண்டாம், பழைய செருப்பு போதும். நான் வழக்கம்போல லைட் போட்டதும் பெருக்குவேன், மாலைக் காட்சிக்கும் பெருக்குவேன், நாளைக் காலையில் கார் வந்தால் பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல், தூங்குகிறான் என்று சொல்வேன். அது எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம் இவனுக்கு ரோடு கிடைக்கும். (தபாலில் போடப்போகிற கடிதம் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன் அக்கா. நானேதான் தபால் என்று இப்போதுதான் தெரிகிறது. பன் வண்டியில் ஏறுகிற அளவுக்கு என்ன பண்ணினேன் என்று ஒரு ஜோக் வந்தது, வந்த வழியே போய்விட்டது. அம்மாவும் வரட்டும் என்றேன். ரெண்டு பேரும் காணாமல் போனால் இன்றைக்கே தேடுவார்கள், ஒருத்தி துடைப்பத்தோடு நின்றால் நாளைக்குத்தான் தேடுவார்கள் என்கிறார்கள். கணக்கில் நான்தான் விளிம்பு, அம்மா இல்லை.)

உனக்குச் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம்தான், உள்ளே பாட்டு முடியப்போகிறது. இவன் வந்ததும் ஒன்றும் கேட்காதே, முதலில் சாப்பாடு போடு. பசித்தால் அதிகமாகச் சிரிப்பான், அதை வைத்துத் தெரிந்துகொள். அவளுக்குப் போன் பண்ணுகிறேன் என்று உன் போனைக் கேட்பான், கொடுக்காதே, அழுதாலும் கொடுக்காதே. டெய்லரம்மாவுக்கும் நீயாகப் பேசாதே, நான் வேறு வழியில் பேசுகிறேன். பழைய ஹாஸ்டல் பக்கம் போகாதே. லேபிலிருந்து வரும்போது தினமும் ஒரே வழியில் வராதே. உனக்கு அடிக்கடி காது வலி வருமே, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, தலையில் துணி கட்டிக்கொள். இவனை அங்கே எதிலாவது சேர்த்துவிடு, படிக்கட்டும், ரெண்டு மாசத்துக்காவது தியேட்டர் இருக்கிற தெருவில் விடாதே.

முக்கியமான ஒன்று. இந்தக் கடிதம் இவன் கையிலிருந்து உன் கைக்கு வந்தால் நான் சொன்ன மாதிரி செய், என்னைப் பற்றிக் கவலைப்படாதே, பெருக்குகிறவளை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், நானும் ஒரு நாள் ஏதாவது ஒரு கூட்டத்தோடு வெளியே வந்துவிடுவேன். உறையில் உன் அட்ரஸ் எழுதி, ஒரு ஸ்டாம்பும் இவனிடம் கொடுத்திருக்கிறேன். வழியில் யாராவது பின்னால் வருகிற மாதிரி தெரிந்தால், வண்டியை நிறுத்திய மாதிரி இருந்தால், கண்ணில் படுகிற முதல் பெட்டியில் இதைப் போட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே இது தபால்காரர் கையிலிருந்து உனக்கு வந்தால், பெரியவளே, ஊருக்கு ஓடி வராதே. அந்த அக்கா மாதிரி இந்தக் கவுண்டரில் வந்து நிற்காதே, உனக்கும் ஒரு டிக்கெட் கொடுப்பார்கள். நீ வேலை பார்க்கிற இடத்தில் பெரிய டாக்டரம்மா உன்மேல் பிரியமாக இருக்கிறார் என்றாயே, அவர் கையில் இதைக் கொடு, அந்த ஊரிலேயே, அங்கே இருக்கிற பெரிய அதிகாரியிடம் கொண்டுபோகச் சொல். போஸ்டர்க்காரர் பேச்சையும் சேர்த்துச் சொல். அடைப்புக்குள் இவன் என்ன எழுதியிருந்தாலும் அதையும் காட்டு, விளையாட்டுப் பிள்ளைதான், பொய் எழுத மாட்டான். (அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.)

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கையால் இவனும் நன்றாக இருக்க வேண்டும், ரெண்டு பேரும் ஒரே தட்டில் அடித்துக்கொண்டு சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும். எனக்கு நேரமாகிவிட்டது, கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், இல்லையென்றால் எங்கே என்று தேடுவார்கள். கட்டுப் போட்ட விரலால் கையெழுத்து மட்டும் நானே போடுகிறேன், கோணலாக இருக்கும்.

ஆசீர்வாதத்தோடு,
உன் அம்மா

(அக்கா, அம்மா உள்ளே போயாகிவிட்டது. இனி இது நான் மட்டும். கதவு இடுக்கில் பார்த்தால் வாசல் தெரிகிறது. பன் வண்டி வந்து நிற்கிறது, தட்டுகளை ஏற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் முதலாளியின் காரும் வந்து நிற்கிறது. நாளைக் காலை என்றுதான் சொன்னார்கள். டிரைவர் இறங்கவில்லை, என் ஸ்டூலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே எல்லாரும் கைதட்டுகிறார்கள், அப்பா உருகிவிட்டார் போலிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும், கூட்டம் வரும், நான் குனிந்துகொள்கிறேன். ஸ்டாம்பை ஒட்டவில்லை. சட்டைப் பையில் தனியாக வைத்திருக்கிறேன். கையில் வருகிற கடிதத்துக்கு ஸ்டாம்பு எதற்கு, நான் வந்ததும் அதை நீயே வாங்கி வைத்துக்கொள்.)